வீடியோ ஏன் சுத்துது, ஏன் கட்டம் கட்டமா உடையுது: என்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்கற கேள்விகள்

நான் பார்க்கறது வீடியோ ஸ்ட்ரீமிங் வேலை. அது தெரிஞ்ச நாள்ல இருந்து சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ், டீம்ல புதுசா சேர்ந்த பசங்க எல்லாரும் கேக்கறது சுத்திச் சுத்தி இதே தான், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு தொண்டை போனது தான் மிச்சம். அதனால அவங்க கேட்ட வார்த்தைலயே கேள்வியைப் போட்டு எழுதிட்டேன். மேல இருந்து வரிசையா படிச்சா நல்லது, கீழ வர்ற பதில் எல்லாம் மேல இருக்கறதை நம்பித் தான் நிக்குது. வீடியோவும் அப்படித் தான்னு 3வது கேள்வில தெரியும்.

1. எதுக்கு சார் கம்ப்ரஸ் பண்ணணும்? நெட்டு தான் இப்ப நல்ல ஸ்பீடா இருக்கே, எடுத்ததை அப்படியே அனுப்பிட வேண்டியது தானே?

கணக்கு போட்டுப் பார்த்துடலாம். 1080பி வீடியோல ஒரு ஃப்ரேமுக்கு (வரிசையா ஓடுற படங்கள்ல ஒரு படம்) 1920 பெருக்கல் 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம்னு 3 பைட். ஆக ஒரே ஒரு ஃப்ரேம் 6.2 எம்பி. செகண்டுக்கு 30 ஃப்ரேம்னா 187 எம்பி, நெட்டுக்காரங்க கணக்குல சொன்னா செகண்டுக்கு 1.5 ஜிகாபிட். ஒரு மணி நேரத்துக்கு 670 ஜிபி தாண்டிடும், 4கேன்னா அதுல நாலு மடங்கு.

அதே ஒரு மணி நேரத்தை செகண்டுக்கு 5 மெகாபிட்ல அனுப்பினா 2.25 ஜிபி தான். கிட்டத்தட்ட 300ல ஒரு பங்கு. மீதி 299 பங்கு எங்க போச்சுன்னு யாரும் கேக்கறதில்ல, ஏன்னா கண்ணுக்குத் தெரியல. தெரியாதபடி தூக்கிப் போடறது தான் இந்த வித்தையே.

2. சரி, அந்த 299 பங்கு என்ன? எதைத் தூக்கிப் போடறாங்க?

முதல்ல கலர். நம்ம கண்ணு வெளிச்சம், நிழல் வித்தியாசத்தை நுணுக்கமா பார்க்கும், கலர் வித்தியாசத்தை அவ்ளோ நுணுக்கமா பார்க்காது. அதனால வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் வெச்சுக்கிட்டு, கலரை மட்டும் ரெண்டுக்கு ரெண்டு, நாலு பிக்சலுக்கு ஒண்ணுன்னு குறைச்சுடுவாங்க. இதுக்கு 4:2:0ன்னு பேரு. இன்னும் ஒரு வேலையும் ஆரம்பிக்கல, அதுக்குள்ள சைஸ் பாதி.

அடுத்தது திரும்பத் திரும்ப வர்றது. ஒருத்தர் நாற்காலில உக்காந்து பேசறார்னா பின்னாடி இருக்கற சுவர் செகண்டுக்கு 30 தடவை அதே சுவர் தான். அதை எதுக்கு 30 தடவை அனுப்பணும்? படத்தை சின்னச் சின்ன கட்டமா வெட்டி, "இந்தக் கட்டம் போன ஃப்ரேம்ல 12 பிக்சல் இடது பக்கமா இருந்துச்சு, அங்க இருந்து எடுத்துக்கோ"ன்னு ஒரு குறிப்பு மட்டும் போகும். பெரிய மிச்சம் இங்க தான்.

அப்புறமும் மிஞ்சற நுணுக்கத்துக்கு டிசிடின்னு ஒரு கணக்கு இருக்கு. நசீர் அகமது, நடராஜன், ராவ் மூணு பேரும் 1974ல வெளியிட்டது, இன்னிக்கு வரைக்கும் ஜேபெக் படத்துலயும் முக்கால்வாசி வீடியோலயும் அதோட வாரிசுங்க தான் ஓடுது. கட்டத்துல இருக்கற பிக்சல்களை மெதுவா மாறுற அலை, வேகமா மாறுற அலைன்னு பிரிச்சு நம்பர் ஆக்கும். இந்தக் கணக்கு தனியா எதையும் அழிக்காது, அழிக்கறது அடுத்த ஸ்டெப். ஒரு நம்பர் 247, இன்னொண்ணு 3ன்னு வெச்சுக்கங்க, ரெண்டையும் 20ஆல வகுத்து முழு எண்ணாக்கினா 12, 0. பார்க்கறவர் பக்கத்துல திரும்பப் பெருக்கினா 240, 0 தான் கிடைக்கும். அந்த 3 போனது போனது தான், எந்த சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது. ஆனா இப்படி வரிசையா நிறைய பூஜ்யம் வந்துடும், "இனிமே எல்லாம் பூஜ்யம்"னு ரெண்டு பிட்ல எழுதி முடிச்சுடலாம். அந்த 20ங்கிறதை ஏத்தினா சைஸ் குறையும், படம் கெடும். குவாலிட்டி செட்டிங்னு நீங்க இழுக்கற அந்த ஸ்லைடர் கடைசில தொடறது இந்த நம்பரைத் தான்.

3. ஐ ஃப்ரேம், பி ஃப்ரேம்னு சொல்றாங்களே அது என்னண்ணா?

ஐ ஃப்ரேம்னா யாரையும் நம்பாம தனியா நிக்கற முழுப் படம், கீஃப்ரேம்னு சொல்றது சாதாரணமா இதைத் தான். இங்கிலீஷ்ல ரெண்டு எழுத்து, தமிழ்ல எழுதினா ரெண்டுமே பி, அதனால முன்-பி, இரு-பின்னு வெச்சுக்குறேன். முன்-பி முன்னாடி வந்த ஃப்ரேமைப் பார்த்து, மாறினதை மட்டும் சொல்லும். இரு-பி முன்னாடி வந்தது, பின்னாடி வரப்போறது ரெண்டையும் பார்க்கும், அதனால தான் சைஸ் ரொம்பக் குறையும். ஆமா, வரப்போற ஃப்ரேமை முன்னாடியே அனுப்பி வெச்சுடுவாங்க, அனுப்பற வரிசை வேற, காட்டற வரிசை வேற.

வீட்லயே பார்க்கலாம். ஏதாவது படத்தை பிளேயர்ல ஓடவிட்டு வேகமா முன்னாடி பின்னாடி தள்ளுங்க, நீங்க விட்ட இடத்துல நிக்காம ஒண்ணு ரெண்டு செகண்ட் தள்ளிப் போய் நிக்கும். அங்க தான் கீஃப்ரேம் இருக்கு. நடுவுல இருந்து ஆரம்பிக்க அதுகிட்ட முழுப் படம் இல்ல. இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க, பாதி கேள்விக்கு பதில் இது தான்.

4. எம்பி4 தானே கோடெக்? அப்ப ஏன் ஒரு எம்பி4 டிவில ஓடுது இன்னொண்ணு ஓட மாட்டேங்குது?

கோடெக்ங்கிறது வீடியோவைச் சுருக்கித் திரும்பப் பிரிக்கற முறை. எம்பி4, எம்கேவி, வெப்எம் எல்லாம் கவர். உள்ள இருக்கற லெட்டர் எந்த பாஷைன்னு கவரைப் பார்த்து சொல்ல முடியாதுல்ல, அதே தான். எம்பி4க்குள்ள எச்.264 இருக்கலாம், எச்.265 இருக்கலாம், ஏவி1 கூட இருக்கலாம், டிவிக்குப் புரியற பாஷையா இருந்தா ஓடும். எம்கேவின்னு இருக்கறதை பேரை மாத்தி எம்பி4ன்னு சேவ் பண்ணி "கன்வர்ட் பண்ணிட்டேன்"ங்கறவங்களுக்கு: கவர் மேல இருந்த பேரை அடிச்சு எழுதியிருக்கீங்க, அவ்ளோ தான்.

5. வீடியோவை ஜிப் பண்ணிப் பார்த்தேன், சைஸ் குறையவே இல்லையே?

குறையாது. ஏற்கனவே முறுக்கிப் பிழிஞ்ச துணி அது, மறுபடி பிழிஞ்சா தண்ணி எங்க இருந்து வரும்.

6. ரெண்டுமே 1080பி தான், ஆனா ஒண்ணு கண்ணாடி மாதிரி இருக்கு, இன்னொண்ணு சேறு மாதிரி இருக்கு. ஏமாத்தறாங்களா?

1080பிங்கிறது எத்தனை பிக்சல்னு மட்டும் தான் சொல்லுது. ஒவ்வொரு செகண்டுக்கும் எத்தனை பிட் செலவு பண்ணாங்கங்கறது, அதாவது பிட்ரேட், அது தான் குவாலிட்டியை முடிவு பண்ணுது. பெரிய சுவருக்கு ஒரே ஒரு டப்பா பெயிண்ட் வாங்கினா என்ன ஆகும்? சில சமயம் அதே பிட்ரேட்ல 720பியா அனுப்பினாலே நல்லா இருக்கும், ஆனா அந்த நம்பரைக் குறைக்க யாருக்கும் மனசு வராது.

இன்னொண்ணு, காட்சியைப் பொறுத்தது. மழை, ஓடுற தண்ணி, இலை ஆடுற மரம், கூட்டம் இதெல்லாம் என்கோடருக்கு, அதாவது கம்ப்ரஸ் பண்ற ஆளுக்கு, ஜென்ம விரோதி, ஏன்னா 2வது பதில்ல சொன்ன "போன ஃப்ரேம்ல இருந்து எடுத்துக்கோ" வேலைக்கே ஆகாது. ஒரு தடவை ஒரு மேடை நிகழ்ச்சிக்கு லைவ் போட்டிருந்தேன், 4 மெகாபிட்ல பூட்டி வெச்சிருந்தேன், ரெண்டு மணி நேரம் பளிச்சுன்னு போச்சு. கடைசில பரிசு குடுக்கும்போது மேல இருந்து கலர் பேப்பர் துண்டு கொட்டினாங்க பாருங்க, ஆயிரக்கணக்குல, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் சுத்திக்கிட்டு... ஜெயிச்சவர் மூஞ்சியே கட்டம் கட்டமா போயிடுச்சு. கேமரா ரிப்பேரான்னு போன் மேல போன். கேமரா நல்லா தான் இருந்துச்சு, தப்பு என்னோடது, அந்த 20 செகண்டுக்கு தேவைப்பட்ட பிட்டை நான் கையில வெச்சுக்கல.

இருட்டு காட்சில வானம் படிப்படியா பட்டை பட்டையா தெரியறது வேற வியாதி. 8 பிட்ல கறுப்புல இருந்து வெள்ளை வரைக்கும் 256 படி தான், இருட்டு காட்சிக்கு அதுல கொஞ்சம் தான் கிடைக்கும். 10 பிட்னா 1024 படி, அந்தப் பட்டை நிறையக் குறைஞ்சுடும்.

7. போன்ல சூப்பரா இருந்த வீடியோ வாட்ஸ்அப்ல அனுப்பினதும் ஏன் மங்கிப் போகுது?

ஜெராக்ஸை வெச்சு ஜெராக்ஸ் எடுக்கற கதை. உங்க போன் எடுக்கும்போதே ஒரு தடவை கம்ப்ரஸ் பண்ணிடுச்சு, ஆப் அதைப் பிரிச்சு இன்னும் சின்னதா மறுபடி கம்ப்ரஸ் பண்ணுது. முதல் தடவை வந்த கறை இருக்குல்ல, ரெண்டாவது என்கோடருக்கு அது கறைன்னு தெரியாது, படத்தோட விவரம்னு நினைச்சு அதைக் காப்பாத்த பிட்டை செலவு பண்ணும். நாலு குரூப் சுத்தி வந்த வீடியோவை ஒவ்வொருத்தரும் டவுன்லோட் பண்ணி, எடிட் பண்ணி, திரும்ப ஏத்தினா கேக்கவே வேணாம். ஒரிஜினலே வேணும்னா டாக்குமென்ட்டா அனுப்புங்க, ஃபைலைத் தொடாம அப்படியே போகும்.

8. எச்.264, எச்.265, ஏவி1... இதுல எது பெஸ்ட்? புதுசை எடுத்தா போதுமா?

1988ல எச்.261 வந்தப்ப அது டெலிபோன் லைன்ல, 64 கிலோபிட் மடங்குல வீடியோ கால் பேசறதுக்கு பண்ணது. எச்.264 வந்தது 2003, எச்.265 2013, ஏவி1 2018, எச்.266 2020. ஒவ்வொரு தலைமுறையும் முந்தினதுல கிட்டத்தட்ட பாதி பிட்ரேட்ல அதே குவாலிட்டி குடுக்கணும்னு கிளம்பும், நிஜத்துல காட்சிக்குக் காட்சி கூடக் குறைய வரும். எப்படி குறைக்குதுன்னா பெரிய மாயம் ஒண்ணும் இல்ல, 2வது பதில்ல இருக்கற அதே வேலை தான், தேடற வழி அதிகம். எச்.264ல கட்டம் 16க்கு 16, எச்.265ல 64க்கு 64 வரைக்கும் போகும், வெறும் வானத்துக்கு ஒரே பெரிய கட்டம் போட்டு முடிச்சுடலாம்.

விலை என்னன்னா வேலை. நிறைய வழியைத் தேடிப் பார்க்கறதால என்கோட் பண்ண நேரம் பிடிக்கும். பார்க்கறவங்க போன்ல அந்த கோடெக்குக்குன்னு சிப் இல்லைன்னா சிபியூவே பிரிக்கணும், போன் சூடாகும், பேட்டரி கரையும். எச்.265க்கு பேட்டன்ட் பஞ்சாயத்து வேற, அதை யார் யார்கிட்ட காசு கட்டி வாங்கணும்ங்கறதே குழப்பம், அந்த எரிச்சல்ல தான் பெரிய கம்பெனிங்க 2015ல ஒண்ணா சேர்ந்து ராயல்டி இல்லாம ஏவி1 பண்ணக் கிளம்பினாங்க. யார் எதுல பார்ப்பாங்கன்னு தெரியாதப்ப நான் இன்னும் எச்.264 தான் போடறேன், அது ஓடாத பெட்டி கிடையாது.

9. 100 எம்பிபிஎஸ் கனெக்ஷன், ஸ்பீட் டெஸ்ட்லயும் 100 வருது. அப்புறமும் ஏன்டா சுத்துது?

முதல்ல அது மெகாபிட், மெகாபைட் இல்ல, 8ஆல வகுங்க, செகண்டுக்கு 12.5 எம்பி. அதுவே 1080பிக்கு தாராளம், அதனால உங்க சந்தேகம் நியாயம் தான். ஆனா ஸ்பீட் டெஸ்ட் பொதுவா பக்கத்துல இருக்கற சர்வரோட, பத்துப் பதினஞ்சு செகண்ட் ஓடிட்டு ஒரு நம்பர் சொல்லும். வீடியோ வர்ற சர்வர் வேற, வழி வேற. நடுவுல 3 செகண்ட் ஒண்ணுமே வராம நின்னு அப்புறம் கொட்டினாலும் சராசரி அழகா தான் இருக்கும், வீடியோவுக்கு அந்த 3 செகண்ட் தான் பிரச்சனை.

பெரும்பாலும் குற்றவாளி வைஃபை. இன்னொரு ஆள் யாரும் சந்தேகப்படாத ஆள்: வீட்ல யாராவது பெரிய ஃபைல் அப்லோட் பண்ணும்போது ரூட்டர் பாக்கெட்டை (நெட்ல டேட்டா போற சின்னச் சின்ன பொட்டலம்) எல்லாம் நீளமா வரிசைல நிக்க வெச்சுடும். அப்லோட் ஓடும்போது பிங் போட்டுப் பாருங்க (ஒரு பாக்கெட் போய்த் திரும்ப எவ்ளோ நேரம் ஆகுதுன்னு சொல்லும்), 20 மில்லிசெகண்ட்ல இருந்தது 500க்குத் தாவினா இது தான். ஸ்பீடை ஏத்தி பிளான் மாத்தறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

10. ஆரம்பத்துல மங்கலா வந்து கொஞ்ச நேரத்துல தெளிவாகுதே, வீடியோ தானா சரியாகுதா?

இல்ல, ஃபைலே மாறுது. ஒரே படத்தை 360பி, 720பி, 1080பின்னு பல பிட்ரேட்ல முன்கூட்டியே என்கோட் பண்ணி, ஒவ்வொண்ணையும் சில செகண்ட் துண்டுகளா வெட்டி சர்வர்ல வெச்சிருப்பாங்க. 2009ல ஆப்பிள் கொண்டு வந்த எச்எல்எஸ், 2012ல ஸ்டாண்டர்டா வந்த டேஷ் ரெண்டும் இந்த வழி தான். பிளேயர் முதல்ல சின்ன துண்டை வாங்கி சட்டுன்னு படத்தை ஆரம்பிச்சுடும், அது எவ்ளோ வேகமா வந்துச்சுன்னு பார்த்து அடுத்த துண்டை பெருசா கேக்கும். நெட்டு தொங்கினா கீழ இறங்கும். முடிவு எடுக்கறது சர்வர் இல்ல, உங்க கையில இருக்கற பிளேயர். துண்டு மாறும்போது தடங்கல் தெரியாம இருக்கக் காரணம், ஒவ்வொரு துண்டும் கீஃப்ரேம்ல ஆரம்பிக்கும், 3வது பதில்.

11. யூடியூப் நின்னு லோட் ஆகுது, வீடியோ கால் மட்டும் நிக்காம உடைஞ்சு உடைஞ்சு ஓடுதே, ஏன்?

ரெண்டுக்கும் அவசரம் வேற. படம் பார்க்கறப்ப 30 செகண்ட் முன்கூட்டியே வாங்கி வெச்சுக்கலாம், ஏதாவது பாக்கெட் தொலைஞ்சா திரும்பக் கேட்டு வாங்க நேரம் இருக்கு, அதனால டிசிபிங்கிற அனுப்பற முறை போதும். ஒண்ணு விடாம, வரிசை மாறாம குடுக்கறது அதோட குணம். குயிக்னு 2021ல ஸ்டாண்டர்டான ஒண்ணு யூடிபி (அனுப்பிட்டு, போய்ச் சேர்ந்துச்சான்னு தானா பார்க்காத முறை) மேல ஓடுது, ஆனா அதுவும் தொலைஞ்சதைத் திரும்ப அனுப்பும், அதனால "யூடிபின்னாலே தொலையும்"னு சொல்றது அரைகுறை.

கால்ல முன்கூட்டி வாங்க முடியாது, நீங்க இன்னும் பேசவே இல்லையே. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தா தான் பேச்சு இயல்பா இருக்கும், தாண்டினா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி, ஒரே நேரத்துல நிறுத்தி... தெரியுமே. அதனால வெறும் யூடிபில அனுப்பி, லேட்டா வந்ததை குப்பைல போட்டுட்டு அடுத்ததைப் பார்க்கும். இரு-பி ஃப்ரேமையும் கால்ல போட மாட்டாங்க, வரப்போற ஃப்ரேமுக்குக் காத்திருந்தா ஒவ்வொண்ணுக்கும் 33 மில்லிசெகண்ட் சும்மா போகும்.

12. கால்ல திடீர்னு மூஞ்சி ஒழுகி கட்டம் கட்டமா ஆகி, அப்புறம் டக்குனு சரியாகுதே, அது என்ன?

எனக்குப் பிடிச்ச கேள்வி. 84 கேபி கீஃப்ரேம் ஒண்ணை 1,200 பைட் பாக்கெட்டா வெட்டினா 70 பாக்கெட். நூத்துல ஒண்ணு தான் தொலையுதுன்னு வெச்சுக்கங்க, கேக்க சின்னதா இருக்குல்ல? 70ம் பத்திரமா வந்து சேர வாய்ப்பு 0.99ஐ 70 தடவை பெருக்கணும், 0.49. பாதிக்குப் பாதி கீஃப்ரேம் அடிபட்டுத் தான் வரும். அஞ்சு பாக்கெட்ல போற முன்-பி ஃப்ரேமுக்கு 0.95.

இப்ப ஒரு ஃப்ரேம்ல கன்னத்து கட்டம் ஒண்ணு தொலைஞ்சுது. அடுத்த ஃப்ரேம் "அந்தக் கட்டத்தை 3 பிக்சல் வலது பக்கம் தள்ளு"ன்னு சொல்லும், இங்க இருக்கறதோ பழைய தப்பான கட்டம், அதைத் தள்ளும். நீங்க தலையை ஆட்ட ஆட்ட தப்பு மூஞ்சி பூரா பரவும், அது தான் அந்த ஒழுகல். டக்குனு சரியாகறது புது கீஃப்ரேம் வந்தப்ப. எதிர்முனை ஆப் "எனக்குப் படம் கெட்டுப்போச்சு, முழுசா ஒண்ணு அனுப்பு"ன்னு கேட்டு வாங்கியிருக்கும். சில ஆப் ஒழுகலைக் காட்ட வெக்கப்பட்டு, கீஃப்ரேம் வர்ற வரைக்கும் கடைசி நல்ல படத்தை உறைய வெச்சுடும். உங்க வாய் பாதி திறந்தபடி நிக்கறது அப்ப தான்.

13. அப்ப குரல் மட்டும் எப்படி தெளிவா வருது?

அளவு. ஓபஸ் கோடெக்ல செகண்டுக்கு 30 கிலோபிட் இருந்தாலே பேச்சு நல்லா இருக்கும், 20 மில்லிசெகண்ட் பேச்சு ஒரே பாக்கெட்ல அடங்கிடும். ஒண்ணு தொலைஞ்சா 20 மில்லிசெகண்ட், பக்கத்துல இருக்கற சத்தத்தை வெச்சு ஒட்டுப் போட்டுடுவாங்க. நெட்டு ரொம்ப மோசமானா ஆப்பே வீடியோவை பலி குடுத்து குரலைக் காப்பாத்தும், சரியான முடிவு தான்.

14. லைவ் மேட்ச் பார்க்கறேன், பக்கத்து வீட்ல எனக்கு முன்னாடியே கத்தறாங்க. லைவ்னா லைவ் தானே?

10வது பதில்ல சொன்ன துண்டு தான் காரணம். 6 செகண்ட் துண்டுன்னா, அந்த 6 செகண்ட் ஆட்டம் நடந்து முடிஞ்சா தான் துண்டே உருவாகும். பிளேயர் பாதுகாப்புக்கு மூணு துண்டு கையில வெச்சுக்கிட்டு ஆரம்பிக்கும், 18 செகண்ட் போச்சு, என்கோட் பண்ற நேரம், சர்வர் சர்வரா தாவற நேரம் தனி. பக்கத்து வீட்ல ஆன்டெனா, டிஷ் வழியா பார்த்தா இந்த துண்டு வேலையே இல்ல. துண்டை இன்னும் பொடியாக்கி, முழுசா முடியறதுக்குள்ளயே அனுப்பற முறை வந்துடுச்சு, தாமதம் சில செகண்டுக்கு இறங்கும். ஆனா கையிருப்பு குறையறதால சுத்தறது கூடும், ரெண்டுல எது வேணும்னு நீங்க தான் சொல்லணும்.

15. கீஃப்ரேம் வந்தா எல்லாம் சரியாகுதுன்னா, எல்லா ஃப்ரேமையும் கீஃப்ரேமாவே போட்டா என்ன?

போடலாம், எடிட்டிங்குக்கு அப்படித் தான் பண்றாங்க, ப்ரோரெஸ்ங்கிற எடிட்டிங் கோடெக் மாதிரி. எங்க வெட்டினாலும் ஒட்டினாலும் பிரச்சனை இல்ல. ஆனா சைஸ் பல மடங்கு ஏறும், நெட்ல அனுப்ப முடியாது. லைவ்ல வழக்கமா 2 செகண்டுக்கு ஒண்ணு. கால்ல கீஃப்ரேமை முடிஞ்ச வரை தள்ளிப் போடுவாங்க, ஏன்னா அது பெருசு, நெரிசல்ல பெருசா ஒண்ணு அனுப்பினா இன்னும் பாக்கெட் தொலையும், உடனே எதிர்முனை இன்னொரு கீஃப்ரேம் கேக்கும், அதுவும் தொலையும். இந்தச் சுழல்ல மாட்டின கால் தேறாது.

16. ஸ்க்ரீன் ஷேர்ல சிவப்பு எழுத்து மட்டும் ஏன் கலங்கித் தெரியுது?

2வது பதில்ல கலரை நாலுக்கு ஒண்ணா குறைச்சோம்ல. மனுஷ முகத்துல அது தெரியாது, ஒரு பிக்சல் தடிமன் சிவப்பு எழுத்துல நல்லாவே தெரியும். கறுப்பு வெள்ளை எழுத்துல வித்தியாசம் வெளிச்சத்துல இருக்கறதால தப்பிச்சுடும். ஸ்லைடு போடறவங்க நீலப் பின்னணில சிவப்பு எழுத்தை விட்டுடுங்க, புண்ணியமா போகும்.

17. எண்ட் டு எண்ட் என்க்ரிப்ட் ஆன குரூப் கால்ல சர்வரால படத்தைத் திறக்கவே முடியாது. அப்புறம் எப்படி நெட்டு சரியில்லாத எனக்கு மட்டும் சின்ன வீடியோ வருது?

இதைக் கேட்டவன் டீம்ல வந்து ரெண்டு மாசம் தான் ஆச்சு, கேள்வி அருமை. பூட்டு போட்டதை சர்வரால திறந்து மறுபடி சுருக்க முடியாது, சரி. கம்ப்ரஸ் எப்பவும் பூட்டறதுக்கு முன்னாடி தான், பூட்டின டேட்டா பார்க்க வெறும் இரைச்சல், அதுல திரும்பத் திரும்ப வர்றதுன்னு எதுவும் இருக்காது, சுருங்காது.

அதனால வேலை அனுப்பறவர் தலைல விழுது. அவர் போன் ஒரே முகத்தை ஒரே நேரத்துல ரெண்டு மூணு சைஸ்ல என்கோட் பண்ணி, தனித்தனியா பூட்டி, எல்லாத்தையும் மேல அனுப்பும். இது சைமல்காஸ்ட். சர்வர் உள்ள பார்க்காம, வெளில ஒட்டியிருக்கற குறிப்பை மட்டும் படிச்சு, உங்களுக்கு சின்னதையும் மத்தவங்களுக்கு பெருசையும் திருப்பி விடும். நடுவுல சைஸ் மாத்தணும்னா மட்டும் புது ஓட்டத்துல கீஃப்ரேம் வர்ற வரைக்கும் காத்திருக்கும், உங்களுக்கு ஒரு கணம் படம் நின்னு தெளிவாகறது அதனால தான். குரூப் கால்ல உங்க அப்லோடும் போன் சூடும் எகிறினா, நெட்டு மோசமான யாரோ ஒருத்தருக்காக உங்க போன் ரெண்டு ஆள் வேலை பார்க்குதுன்னு அர்த்தம்.